தினசரிக் குறுக்கெழுத்தில் பெயர்களும் பொறிகளும்

ஆங்கில நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் புதிரை அன்றாடம் போட்டுப் பார்க்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: “சொல்வளம் போதுமான அளவு இருக்கிறது. ஆனாலும் பாடகர், நடிகர், விளையாட்டு வீரர் ஆகியோரின் பெயர்கள் வரும் இடத்தில் கட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. வேறு சில குறிப்புகளில் ஒவ்வொரு சொல்லும் எளிது. ஆயினும் விடையைப் பார்த்த பிறகுதான் அவை என்ன கேட்டன என்பதே விளங்குகிறது. இவை நியாயமான குறிப்புகள்தாமா? எப்படிக் கையாள்வது?”

இவ்விரண்டையும் ஒரே தொல்லையாகக் கருதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெயர் என்பது தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை கிடையாது. ஒரு பாடகியைப் பற்றி இதற்கு முன் கேள்விப்பட்டிராதவர் ஒரு மணி நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்தாலும் அந்தப் பெயர் வந்துவிடப் போவதில்லை. பொறி வைத்த குறிப்போ இதற்கு நேர்மாறானது. அதை அவிழ்க்கத் தேவையானவை எல்லாம் கண்முன்னே அச்சாகியிருக்கின்றன, நாம்தான் அவற்றை வேறு பொருளில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே முன்னதைக் கண்டால் தாண்டிப் போகவும், பின்னதைக் கண்டால் நின்று மல்லுக்கட்டவும் பழக வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தெரியாத பெயரிடம் பிடிவாதமாக நின்று நேரத்தைக் கரைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்தால் விழுந்திருக்கக்கூடிய குறிப்பின் விடையை எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

முதலில் பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பெயர் புதிரில் இடம்பெறுவதற்கு அந்த மனிதரின் புகழ் ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணம் அவர் பெயரின் எழுத்தமைப்பு. ஆர்தர் வின் என்ற லிவர்பூல்காரர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட சாய்சதுரப் புதிரிலிருந்து வளர்ந்த அமெரிக்கக் கட்டமைப்புக்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் இடம்பெற வேண்டும். எந்தச் சொல்லும் மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது. கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புச் சதுரங்கள் அதே இடங்களில் இருக்க வேண்டும். பதினைந்துக்குப் பதினைந்து என்ற வார நாள் கட்டத்துக்குள், ஒரு கருப்பொருளைச் சுமக்கும் நான்கைந்து நீண்ட விடைகளை முதலில் பொருத்திவிட்டால், மிஞ்சும் சந்துபொந்துகளை மூன்று, நான்கு எழுத்துச் சொற்களால்தான் அடைக்க முடியும். அந்தச் சொற்களில் உயிரெழுத்துகள் மிகுந்திருந்தால் குறுக்கே போகும் சொற்கள் எளிதாக அமையும். அகராதியில் இருக்கும் அத்தகைய சொற்கள் விரைவில் தீர்ந்துபோய்விடுவதால் ஆக்குநர் மனிதர்களின் பெயர்களை நாடுகிறார்.

யோகோ ஓனோ, பிரையன் ஈனோ, அயர்லாந்துப் பாடகி என்யா, கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், நடிகை உமா தர்மன் ஆகியோர் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதன் இரகசியம் இதுதான். இவர்களை விடப் புகழ்பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பெயரில் மெய்யெழுத்துகள் நெருங்கி நிற்பதால் அவர்கள் கட்டத்தின் ஓரத்தைக்கூட எட்டுவதில்லை. மெல் ஆட் என்ற பேஸ்பால் வீரர் 511 ஹோம்ரன்கள் அடித்தவர், 1947இல் ஆட்டத்தை விட்டவர். அந்த விளையாட்டை ஒருநாளும் பார்த்திராத, அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்த புதிர்ப் பிரியர்கள்கூட அவரை அறிந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு அவருடைய மட்டையைவிட அவர் பெயரின் இரட்டை ‘டி’யே பொறுப்பு. பனிவளைகோல் பந்தாட்டத்தின் பாபி ஓர் என்பவருக்கும் இதே நிலைதான், ஆனால் அங்கே இரட்டிப்பது ‘ஆர்’.

தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு சதுரத்திலேயே ‘கா’ என்றோ ‘மு’ என்றோ மெய்யும் உயிரும் சேர்ந்து அமர்ந்துவிடுவதால் உயிரெழுத்துக்கு இப்படியொரு பஞ்சம் ஏற்படுவதில்லை. தமிழ்ப் புதிரில் பழகியவருக்கு ஆங்கிலப் புதிரின் பெயர்ப்பெருக்கம் விநோதமாகப் படுவது இயல்பே.

இதிலிருந்து ஒரு நன்மையும் கிடைக்கிறது. பெயர்கள் வடிவத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் அவற்றின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. ஒரு நாட்டின் முழு வெகுஜனப் பண்பாட்டையும் கற்க வேண்டியதில்லை, அதில் சிறிய பெயர் கொண்டவர்களைத் தெரிந்துகொண்டால் போதும். அதுமட்டுமன்று, பெயர் அப்படியே இருக்க, குறிப்பு மட்டும் காலத்துக்கேற்ப உடை மாற்றிக்கொள்ளும். எல்சா என்ற நான்கெழுத்து விடைக்கு ஒரு காலத்தில் ஜாய் ஆடம்சன் 1960இல் எழுதிய ‘பார்ன் ஃப்ரீ’ நூலின் பெண்சிங்கம்தான் குறிப்பாக வரும். 2013இல் ‘ஃப்ரோசன்’ படம் வெளியான பிறகு அந்த இடத்தைப் பனிநாட்டு அரசி பிடித்துக்கொண்டாள். எல்பா என்றால் 1814இல் நெப்போலியன் நாடுகடத்தப்பட்ட தீவு என்பது பழைய வழி. நடிகர் இட்ரிஸ் எல்பா என்பது புதிய வழி. ஈனோவை இசைத் தயாரிப்பாளர் என்றும் கேட்கலாம், விண்டோஸ் 95 தொடங்கும்போது ஒலிக்கும் சிற்றிசையை அமைத்தவர் என்றும் கேட்கலாம். எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவராயினும் இவற்றுள் ஏதேனும் ஒரு வாசல் திறந்திருக்கும். விடை ஒன்றே என்பதால் ஒரு வாசலில் கற்றது இன்னொரு வாசலிலும் பயன்படும்.

எவ்வளவு பெயர்களை விடுவது, எந்த வகைப் பெயர்களை விடுவது என்பது பதிப்பாசிரியரைப் பொறுத்தது. நியூயார்க் டைம்ஸ் 1924இல் குறுக்கெழுத்தை வீண் பொழுதுபோக்கு என்று கண்டித்து எழுதிய பத்திரிகை. 1942இல்தான் மார்கரெட் ஃபராரின் பொறுப்பில் ஞாயிற்றுக்கிழமைப் புதிரைத் தொடங்கியது, 1950இல் அது தினசரியாயிற்று. 1977 முதல் 1993 வரை பொறுப்பிலிருந்த யூஜின் மலெஸ்கா செவ்விசை, இலத்தீன், தொலைதூர நதிகள் என்று பள்ளிக்கூட வாடையுள்ள அறிவையே விரும்பினார். 1993இல் வந்த வில் ஷார்ட்ஸ் தொலைக்காட்சி, ராக் இசை, வணிகப் பெயர்கள் ஆகியவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பழையதை உயர்ந்தது என்று ஏங்குவோர் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் பார்த்திராத ஐரோப்பிய ஓடையின் பெயரை ஒப்பித்து வைத்திருப்பது, ஒரு பாடகியின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதைவிட மேலான அறிவு என்று கொள்வதற்கு இடமில்லை. இரண்டுமே நினைவுச் சரக்குதான். யாருடைய பாடகி, யாருடைய நடிகர் பொது அறிவாகக் கருதப்படுகிறார் என்பதுதான் உண்மையான வழக்கு. ஆக்குநர்களும் பதிப்பாசிரியர்களும் ஒரே சூழலிலிருந்து வரும்போது அவர்களுக்குப் பழக்கமானதே அனைவருக்கும் பழக்கமானது என்ற எண்ணம் கட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

நியாயம் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அறியாத பெயர் இருப்பது அநியாயமன்று; அறியாத பெயரை அறியாத இன்னொரு பெயர் குறுக்கே வெட்டுவதுதான் அநியாயம். இதற்கு ஆங்கிலப் புதிர் உலகில் ‘நேட்டிக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரெக்ஸ் பார்க்கர் என்ற புனைபெயரில் டைம்ஸ் புதிரை நெடுங்காலமாக விமர்சித்துவரும் மைக்கேல் ஷார்ப் 2008இல் கொடுத்த பெயர் அது. அன்றைய புதிரில் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தின் எட்டாவது மைலில் உள்ள ஊர் எது என்று ஒரு குறிப்பு கேட்டது, விடை நேட்டிக். ‘டிரஷர் ஐலண்ட்’ நூலுக்கு 1911இல் ஓவியம் வரைந்தவர் யார் என்று குறுக்கே போன குறிப்பு கேட்டது, விடை என். சி. வைத். இரண்டும் சந்தித்த சதுரத்தில் இருந்தது ‘என்’. ஊரும் தெரியாமல் ஓவியரும் தெரியாமல் இருப்பவருக்கு, தலைப்பெழுத்து என்பதால் அந்தச் சதுரத்தில் இருபத்தாறில் எதுவும் வரலாம்; எந்தத் தருக்கமும் அங்கே கைகொடுக்காது. அமெரிக்கப் புதிரில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு சாட்சிகள் இருப்பதே தீர்ப்பவருக்குத் தரப்பட்ட உறுதி. இரண்டு சாட்சிகளுமே நமக்குப் புரியாத மொழி பேசினால் அந்த உறுதி முறிந்துபோகிறது. குற்றம் ஆக்குநருடையது, அதைத் திருத்தாமல் விட்ட பதிப்பாசிரியருடையது.

பிரித்தானிய மரபு இதே உறுதியை வேறு வகையில் தருகிறது. அங்கே கட்டம் சல்லடைபோல் இருப்பதால் ஏறத்தாழப் பாதி எழுத்துகளுக்குக் குறுக்குச் சொல்லே கிடையாது. அதற்கு ஈடாக ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு வழிகள் அடங்கியிருக்கும்: குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ நேர்ப்பொருள் இருக்கும், மிச்சப் பகுதி எழுத்துகளைக் கலைத்தோ ஒட்டியோ ஒளித்தோ அதே விடைக்கு இட்டுச்செல்லும். எனவே கேள்விப்படாத நடிகரின் பெயரைக்கூட எழுத்து எழுத்தாகக் கட்டி எழுப்பிவிட முடிகிறது. பெயர்களால் மிகவும் துன்பப்படுவோருக்கு இந்த வகை ஒத்துவரலாம் என்பது என் எண்ணம், முதல் சில வாரங்கள் கடினமாக இருந்தாலும்.

இனி பொறி வைத்த குறிப்புகள். சிலேடை தமிழருக்குப் புதிதன்று. ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய காளமேகத்தை அறிந்தவர்கள் நாம். ஆனால் அங்கே இரு பொருளும் வெளிப்படையாக நின்று சுவை தருகின்றன. புதிரில் ஒரு பொருள் திரையாக நிற்க, மற்றது அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஏ. எஃப். ரிட்சி 1949இல் இதற்கு ஒரு விதி வகுத்தார். அதன் சாரம் இது: சொல்வதுபோல் தோன்றுவதை ஆக்குநர் கருத வேண்டியதில்லை; ஆனால் கருதுவதை அவர் சொல்லியே ஆக வேண்டும். அதாவது குறிப்பு திசைதிருப்பலாம், பொய் சொல்லக் கூடாது. இதை நம்பிவிட்டால் வேலை பாதி முடிந்தது, ஏனெனில் சுருக்கென்று தைக்கும் ஒவ்வொரு சொல்லையும் ‘இதற்கு வேறென்ன பொருள்?’ என்று கேட்கத் தொடங்குகிறோம்.

பழைய குறிப்பு ஒன்று இதை நன்கு காட்டும். எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்துகள், வேறு எதுவுமில்லை. விடை ஐந்து எழுத்து என்று மட்டும் போட்டிருக்கும். சுருக்கக் குறியீடா, ஒலிக்குறிப்பா என்று மனம் அலைபாயும். எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்தமாக எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால், எச் முதல் ஓ வரை. ஆங்கிலத்தில் அதை ‘எச் டு ஓ’ என்று வாய்விட்டுச் சொன்னால் வேதியியல் வகுப்பில் கேட்ட நீரின் குறியீடு காதில் விழும். விடை ‘வாட்டர்’. ஒரு பெயரும் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பழகிய பொறி ‘ஃப்ளவர்’ என்ற சொல். பூ என்று படிப்பவர் பூக்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க, பாய்வது என்று பிரித்துப் படித்தவர் ஓர் ஆற்றின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். ‘நம்பர்’ என்பதை எண்ணாகக் கொள்ளாமல் மரத்துப்போகச் செய்வது என்று கொண்டால் மயக்கமருந்து வந்து நிற்கும்.

அமெரிக்க வகையில் இத்தகைய சிலேடைக்குப் பெரும்பாலும் இறுதியில் ஒரு கேள்விக்குறி இட்டு எச்சரிக்கை தருவார்கள். வார இறுதியை நெருங்கும்போது அந்த உதவி குறைந்துகொண்டே போகும். டைம்ஸில் திங்கள் எளிது, சனி மிகக் கடிது, வியாழன் ஒரு சதுரத்துக்குள் பல எழுத்துகளை அடைப்பது போன்ற குறும்புகளுக்கு உரியது. சனிக்கிழமை கேள்விக்குறி இல்லையென்று நம்பி நேர்ப்பொருளில் நிற்பவர் அதிக நேரம் நின்றுகொண்டிருப்பார்.

குறிப்பின் இலக்கணத்தை விடை அப்படியே பின்பற்றும் என்பதே மிக உறுதியான பிடிமானம். குறிப்பு பன்மையெனில் விடையும் பன்மை, குறிப்பு இறந்தகாலமெனில் விடையும் இறந்தகாலம். ஆகவே விடை தெரியாவிட்டாலும் கடைசிச் சதுரத்தில் ‘எஸ்’ அல்லது ‘ஈடி’ என்று மெல்லிய பென்சிலால் எழுதி வைக்கலாம். இதனால்தான் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டு கொண்ட ‘புட்’, ‘கட்’, ‘ரீட்’ போன்ற வினைகள் ஆக்குநர்களுக்குச் செல்லப்பிள்ளைகள். குறிப்பில் சுருக்கச் சொல் இருந்தால் விடையும் சுருக்கம். ‘எடுத்துக்காட்டாக’ என்ற பொருளுள்ள அடையாளம் இருந்தால் குறிப்பு வகையின் ஓர் உறுப்பைச் சொல்லுகிறது, விடை அந்த வகை: பூடில் என்று கொடுத்துவிட்டு நாய் என்று எதிர்பார்ப்பார்கள்.

பெயர்களும் பொறிகளும் சந்திக்கும் இடம் முகப்பெழுத்து. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்து எப்படியும் பெரிதாகவே அச்சிடப்படும் என்பதால், அந்த இடத்தில் நிற்கும் சொல் சிறப்புப் பெயரா பொதுச் சொல்லா என்பது மறைந்துவிடுகிறது. பிரின்ஸ், குயீன், ஸ்டிங், பிங்க், சீல் ஆகியவை அகராதிச் சொற்கள். பாடகர் அல்லது இசைக்குழுவின் பெயர்களும்கூட. ‘நைஸ்’ என்று தொடங்கினால் இனிமையான என்றும் படிக்கலாம், அதே எழுத்துகள் பிரான்ஸின் நீஸ் நகரையும் குறிக்கும். அப்போது விடை பிரெஞ்சுச் சொல்லாக இருக்கும். ஆகவே முதல் சொல்லைச் சந்தேகிக்க வேண்டும். நடுவில் வரும் பெரிய எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். தேவையற்ற இடத்தில் முகப்பெழுத்து போட்டு ஏமாற்றலாம், ஆனால் சிறப்புப் பெயரைச் சிற்றெழுத்தில் ஒளிக்கக் கூடாது என்பது பிரித்தானிய மரபில் பலர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு.

பெயர்க் குறிப்புகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. கவனிக்காதவர்கள் வீணாகத் தடுமாறுகிறார்கள். குறிப்பில் முதற்பெயர் வந்தால் விடையும் முதற்பெயர், குடும்பப் பெயர் வந்தால் விடையும் குடும்பப் பெயர். ஜானின் மனைவி என்றால் யோகோ. லெனனின் மனைவி என்றால் ஓனோ. ஆளே ஒருவர்தான், கேட்கும் முறை மாறினால் எழுதும் பெயரும் மாறுகிறது.

திசைதிருப்பினாலும் பொய் சொல்லாத குறிப்புக்கு நான் அறிந்த சிறந்த சான்று, ஜெரமையா ஃபாரெல் அமைத்து 1996 நவம்பர் 5 அன்று டைம்ஸில் வந்த புதிர். அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். நாளைய நாளிதழின் தலைப்புச் செய்தி என்ற குறிப்புக்குக் கட்டத்தின் நடுவில் இரண்டு விடைகள். இரண்டாவது ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்பதற்கான ஆங்கிலச் சொல், முதலாவதில் ஏழெழுத்தில் வெற்றியாளர் பெயர். கிளின்டன் என்று எழுதினாலும் பொருந்தியது, பாப் டோல் என்று எழுதினாலும் பொருந்தியது. மேலிருந்து கீழாக அவற்றை வெட்டிய ஏழு சொற்களும் இருவகையாகவும் அமையும்படி செய்திருந்தார்: ஹாலோவீனின் கறுப்பு விலங்கு பூனையாகலாம், வௌவாலும் ஆகலாம், ஆங்கிலத்தில் அவற்றிடையே வேறுபாடு முதலெழுத்து மட்டுமே. எக்காளம் என்று பொருள்படும் சொல்லை வினையாக எடுத்துப் பீற்றிக்கொள்வது என்றும் கொள்ளலாம், உரக்க முழக்குவது என்றும் கொள்ளலாம். தங்களுக்கு வந்த விடை மட்டுமே உண்டு என்று எண்ணிய சிலர், தேர்தல் முடியுமுன் பத்திரிகை எப்படி முடிவை அறிவிக்கலாம் என்று சினந்தார்கள். இரண்டு பெயர்களும் நாடறிந்தவை என்பதால்தான் இந்த வித்தை பலித்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். முதல் சுற்றில் தெரிந்த பெயர்களையும் கோடிட்ட இடங்களையும் மட்டும் நிரப்பிவிட்டு, தெரியாத பெயர்களைச் சீண்டாமல் விடுங்கள். இரண்டாம் சுற்றில் அந்தப் பெயர்களை வெட்டும் சொற்களைக் குறிவையுங்கள். நான்கில் மூன்று எழுத்து விழுந்துவிட்டால் மிச்சத்தை ஆங்கிலப் பெயர்களின் ஓசை ஒழுங்கே பெரும்பாலும் சொல்லிவிடும். இதன் பிறகும் நிற்கும் பெயரைத் தேடுபொறியில் பார்ப்பதை நான் முறைகேடாகக் கருதுவதில்லை, ஏனெனில் அங்கே யோசனையால் பெறக்கூடியது எதுவும் இழக்கப்படவில்லை. பொறிக் குறிப்பின் விடையைப் பார்ப்பதுதான் நட்டம். அதைவிட அரை நாள் ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் எடுத்தால், முதலில் பற்றிக்கொண்ட தவறான பொருள் மனத்திலிருந்து கழன்றிருக்கும், குறிப்பு வேறாகத் தெரியும்.

தேடிப் பார்த்த பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுத்தெண்ணிக்கை வாரியாக எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் யார் என்பதோடு எந்த வகையில் கேட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பக்கங்கள் விரைவாக நிரம்பும், பிறகு புதிதாகச் சேர்ப்பது குறையும். ஏழெழுத்து, எட்டெழுத்துப் பெயர்களை எழுதி வைப்பதால் அதிகப் பயனில்லை. அவை ஒருமுறை தலைகாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் திரும்பாமலே போகலாம்.